ஃபேன் போடாத வீடு

மதுரை செல்லூரில் அந்த வீட்டுப் படியேறியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. சித்திரை மாதத்து மதியம். தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்ததைக் கவனித்த அக்கா, "கரண்ட்டெல்லாம் இருக்கு தம்பி. போட்டா அம்புட்டுப் பேப்பரும் தெருவுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பழைய செய்தித்தாளில் கவர் ஒட்டும் வீடு அது. அக்காவும் அவருடைய நாத்தனாரும் ஒட்டுகிறார்கள். மாமியார் எண்ணி, நூறு நூறாகக் கட்டிவைக்கிறார். ஒரு காலத்தில் இதே அறையில் கைத்தறி ஓடியதாம். தறிக்குழியை மூடி சிமென்ட் பூசிய இடம் இன்னமும் நிறம் மாறித் தெரிகிறது. பேப்பர்க் கட்டுகளை அதன் மேல்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

நாம் எடைக்குப் போடும் பேப்பர், பழைய பேப்பர்க் கடை வழியாக இங்கே வந்து சேர்கிறது. இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை, தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை என்று கடைக்காரர்கள் வைப்பது ஊரறிந்த விஷயம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அக்காவோ, இங்கிலீஷ் பேப்பர் கசங்காமல் முழுசாக வரும், அவ்வளவுதான் என்றார். தமிழ்ப் பேப்பர் டீக்கடையில் நாலு பேர் கை மாறி, கிளாஸ் வைத்த வட்டம் விழுந்து, நடுத்தாள் காணாமல் போய் வருகிறது. படிக்கிறவர்கள் இருப்பதால் வந்த விலைக்குறைவு என்று நான் தேற்றிக்கொண்டேன். வழவழப்பான இணைப்பிதழ்கள் ஆகாது, பசை பிடிக்காது. சாமி படம் போட்ட பக்கம் வந்தால் தனியே எடுத்துவைத்துவிடுகிறார். "கவரு எங்க போயி விழும்னு யாருக்குத் தெரியும்? யாராச்சும் மிதிச்சுருவாங்க." அரசியல் தலைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பசைக்கு மைதா. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளுப்பு மங்கி, கண்ணாடி மாதிரி மினுங்கியதும் இறக்கிவிடுகிறார். கரப்பான் அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது விஷமாச்சே என்றேன். "அதான் திங்கிற சாமானுக்குப் போற கவருக்குப் போடுறதில்ல. அதுக்குத் தனிப் பசை." இரண்டு குண்டான்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

இந்த வேலையின் சூட்சுமம் ஒட்டுவதில் இல்லை, அடுக்குவதில் இருக்கிறது. அளவாகக் கீறிய தாள்களில் இருபது, முப்பதை ஒன்றாக வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒரு தள்ளு தள்ளுகிறார். சீட்டுக்கட்டு சரிந்தாற்போல ஒவ்வொரு தாளின் ஓரமும் அரை விரற்கடை வெளியே வந்து படிக்கட்டாக நிற்கிறது. அதன் மேல் பசைத் துணியால் ஒரே இழுப்பு. அத்தனை ஓரத்துக்கும் பசை ஏறிவிடுகிறது. பிறகு ஒவ்வொன்றாக உருவி, மடித்து, நீவி, அடிப்பக்கத்தை மடக்கி இன்னொரு தடவல். கை பாட்டுக்குக் கை போகிறது. பேச்சு நாத்தனார் மகனின் ஸ்கூல் ஃபீஸில் நிற்கிறது.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். நான் தள்ளியபோது படிக்கட்டு வரவில்லை. மேலே இரண்டு தாள் நகர்ந்தது, மீதி மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது. பசையும் உள்ளே வழிந்து, கவர் வாய் திறக்காமல் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரத்தில் பதினொரு கவர். அவற்றில் ஏழு கவரைக் கடைக்குக் கொடுக்க முடியாது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லித் தள்ளிவைத்தார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கேரி பேக்கும் அதில் அடக்கம். அந்த மார்கழி, தையில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஒட்டினார்களாம். அதற்கு முன் மாதக் கணக்கில் கவர் கேட்காத மளிகைக்கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆனால், செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருந்தது. 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதைத் தடையாகவே எழுதியும்விட்டார்கள். அச்சு மையில் ஈயம் முதலானவை இருக்கலாம், சூடான எண்ணெய் பட்டால் பலகாரத்தில் இறங்கும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுத்துத் தின்றே வளர்ந்தவன் நான். தினசரியின் கறுப்பு விரலில் ஒட்டுவதைப் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். சட்டம் சரி. அந்தச் சட்டத்தை அக்கா தெரிந்துகொண்டது, பலகாரக்கடைக்காரர் ஒருநாள் "இனி வேண்டாம்மா, ஆபீஸர் சத்தம் போடுறாரு" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான். அந்தக் கட்டுகள் மூன்று மாதம் பரணில் கிடந்தன.

இப்போது ஆர்டர் வேறு திசையில் வருகிறது. மருந்துக்கடைக்குச் சின்னக் கவர், வளையல்கடைக்கு ஒடுக்கமான கவர், ஆணிக்கடைக்கு இரட்டைத் தாள் கவர். ஒற்றைத் தாளில் போட்டால் ஆணி பொத்துக்கொண்டு வரும். பெயிண்ட் கடைக்காரர் கவர் கேட்பதில்லை, பேப்பரை அப்படியே கட்டாக வாங்கிப் போகிறார், தரையில் விரிக்க. 2020 ஊரடங்கில் பல வீடுகளில் பேப்பர் போடுவதை நிறுத்தியபோது, அந்தக் கட்டுக்கும் தட்டுப்பாடு வந்தது. "மருந்துக்கடை மட்டும் தெறந்திருக்கு, கவரு கேக்குறாங்க. ஒட்டப் பேப்பரு இல்ல."

இந்த வீட்டிலேயே பேப்பருக்கு இருக்கும் மரியாதை தனி. அலமாரித் தட்டில் விரித்திருக்கிறார்கள். அடியில் ஒரு ரசகற்பூரத் துண்டு. காய்வெட்டான பூவன் சீப்பைச் சுற்றி அரிசி டிரம்மில் பழுக்கப் போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் பிள்ளையின் ஷூவுக்குள் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுத்துவிடுமாம். கண்ணாடி துடைக்க இதை மிஞ்சித் துணி கிடையாது என்கிறார் நாத்தனார். ஈரப் பேப்பரால் ஒருமுறை, காய்ந்ததால் ஒருமுறை.

மாமியார் இதிலெல்லாம் சேரவில்லை. எழுந்து போய்ப் பின்கட்டிலிருந்து ஒரு முறத்தை எடுத்து வந்து காட்டினார். மூங்கில் பின்னலின் இடுக்கெல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒரு பூச்சு. பேப்பரையும் வெந்தயத்தையும் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஆட்டுரலில் மையாக அரைத்து வழித்துப் பூசியது. வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை. காய்ந்தால் கல் மாதிரி. தன் அம்மா இதே கூழைக் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பி, காயவைத்துக் கழற்றிக் கூடையாக்குவார் என்றார். விரலால் முறத்தைச் சுண்டினார். டொக்கென்று சத்தம் வந்தது. முகர்ந்து பார்த்தேன், லேசாக வெந்தய வாசம்.

பின்கட்டில் இன்னொரு முறம், பின்னல் விட்டுப்போய், முறை காத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. கிளம்பலாமென்று நான் செருப்பை மாட்டும்போது, மாமியார் ஏனத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னுடைய ஏழு கவரையும் எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து அதில் போட்டார்.

"பசை வேற போட்டிருக்கீங்க, வெந்தயம் கொஞ்சமாப் போதும்" என்றார்.