தலைக்கு ஐம்பது

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தொகையைச் சொன்னாலும் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பான். வகுத்ததும் 'அட, இவ்வளவுதானா!' என்று நம்பியும் விடுவான்.

2024 பொங்கல் முடிந்த கையோடு, திருவள்ளூரில் என் வீட்டு மாடி அறையில், எனக்கு அந்த வியாதி முற்றியது. போட்டோக்களைத் திருத்துகிற சாஃப்ட்வேர் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். பாராட்டினால் விளம்பரம் என்பீர்கள், திட்டினால் அவர்கள் வக்கீல் வைத்திருக்கிறார்கள், நான் வைத்திருக்கவில்லை.

காரணம், வழக்கம் போல் நண்பன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். சன்மானம் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் பழக்கம். என்னோடு காலேஜில் படித்தவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். "டேய், இங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் கேட்லாக் வேணும்டா. வால்வு, போல்ட்டு, ஃபிளாஞ்ச்னு எல்லாத்தையும் செல்போன்ல எடுத்து வெச்சிருக்கானுங்க. பின்னாடி டீ கிளாஸ் தெரியுது. அந்த டீ கிளாஸை எடுத்துக் குடுத்தா போட்டோவுக்கு முப்பது ரூபா" என்றான். ஒரு நாளைக்கு எத்தனை டீ கிளாஸ் எடுக்கலாம் என்று மனசு உடனே கணக்குப் போட்டது.

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் சென்னைப் பக்கம் போய், பேசின் பிரிட்ஜிலோ சென்ட்ரலிலோ வேறு வண்டி பிடித்து, வடக்கே திரும்பி மறுபடி ஏறத்தாழ அதே தூரம் போக வேண்டும். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அதற்கு சதர்ன் ரயில்வே டைம்டேபிளே உண்டு. பஸ்ஸில் போனால் பெரியபாளையத்தில் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டு மாறி மாறிப் போகலாம். அதனால் 'படத்தை வாட்ஸப்பில் அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன்' என்கிற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சந்தா கட்டிய மூன்றாம் வாரமே விட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்தைப் படித்தேன். மாதச் சந்தா இல்லையாம், வருட ஒப்பந்தமாம். தவணைதான் மாதாமாதம். நடுவில் விலகினால், பாக்கி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டிவிட்டு விலக வேண்டும். யாரையும் குறை சொல்ல வழியில்லை. எல்லாம் எழுதித்தான் இருந்தது. கான்ட்ராக்ட் ஆக்ட் பேப்பரில் அறுபத்தெட்டு மார்க் வாங்கியவன், படிக்காமல் டிக் அடித்திருந்தேன். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று 2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. கார்டிலிருந்து இப்படி மாதாமாதம் தானாகப் பணம் எடுத்தால், 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்லியாக வேண்டும். நல்ல விதிதான். அதன் பலன், எனக்கு மாதத்தில் ஒரு நாள் பணம் போகிற துக்கம், அதற்கு முதல் நாள் போகப் போகிற துக்கம்.

"இதெல்லாம் சும்மாவே கிடைக்குதேடா" என்றான் இன்னொரு நண்பன். உண்மைதான். பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் எழுதி 1996ல் வெளிவிட்ட 'ஜிம்ப்' இன்றைக்கும் இலவசம். ஆனால் காசு கட்டினால்தான் படிப்பு ஏறும் என்பது நம் மிடில் கிளாஸ் மதம். டியூஷன் சென்டர்கள் வாழ்வது அதில்தானே!

சரி, கற்றுக்கொள்ள வேண்டுமே. தேரடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனைப் பிடித்தேன். அவர் அப்பா காலத்தில் நெகடிவிலேயே கூர்சீவின பென்சிலை வைத்து முகத்துத் தழும்பை மறைப்பார்களாம். 'டச்சிங்' என்று பெயர். அண்ணன் கம்ப்யூட்டருக்கு மாறியவர். இன்னும் 2002ல் வந்த ஃபோட்டோஷாப் 7தான். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பாதியை அந்த ஏழுதான் வாழவைத்தது என்பார். அது எப்படி ஊருக்குள் வந்தது, யார் காசு கட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. தெருநாய் மாதிரி. யாருடையது என்று கிடையாது, எல்லார் வீட்டு வாசலிலும் இருக்கும்.

மென்பொருளின் பெயரே வினைச்சொல்லாகிப்போன கதை இது. 'ஃபோட்டோஷாப் பண்ணிட்டான்' என்றால் பாட்டிக்கும் புரிகிறது. 1987ல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நோல், மேக் கம்ப்யூட்டரில் படம் காட்டுவதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். சினிமா தந்திரக் காட்சிக் கம்பெனியில் இருந்த தம்பி ஜான் நோல், 'இதை வளர்க்கலாம்' என்றார். 1990 பிப்ரவரியில் அடோபி அதை ஃபோட்டோஷாப் என்று வெளியிட்டது. வித்தை காட்ட ஜான் எடுத்துக்கொண்ட படம், போரா போரா தீவுக் கடற்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அவர் காதலியின் படம். முதன்முதலில் திருத்தப்பட்ட படங்களில் அது ஒன்று. பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அட்டைப்பெட்டியில் விற்ற சாமானை, 2013ல் 'புதிதாக வருவதெல்லாம் இனிமேல் சந்தாதான்' என்று அடோபி மாற்றியது. மற்ற கம்பெனிகளில் சில பின்னால் நடந்தன. நான் அதற்கும் பின்னால்.

அண்ணன் சொல்லித்தந்த முதல் பாடம்: "தம்பி, ஒரிஜினல்ல கை வைக்காத. ஒரு காப்பி போட்டு, அதுக்கு மேல என்ன வேணா பண்ணு."

லேயர் என்கிற அடுக்கு இதுதான். அடியில் அசல் படம். மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று, அதற்கு மேல் ஒன்று. தப்புச் செய்தால் அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போடலாம். காமர்ஸ்காரனுக்கு இது பச்சென்று ஒட்டிக்கொண்டது. லெட்ஜரில் எழுதினதை அடிக்கக்கூடாது, அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போடு என்றுதானே ரெட்டி-மூர்த்தி புத்தகத்தில் மூன்று வருஷம் படித்தோம்!

மற்றது அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. பிரஷ்ஷின் வட்டம் திடீரென்று காணாமல் போய், கூட்டல் குறி மாதிரி ஒன்று வந்து நின்றது. இரண்டு நாள் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். அண்ணன் வந்து ஒரே ஒரு சாவியைத் தட்டினார். கேப்ஸ் லாக். அதற்கு ஒரு டீ, ஒரு மசால் வடை.

ஃபிளாஞ்ச் என்பது வட்டமான இரும்புத் தட்டு. சுற்றிலும் எட்டு ஓட்டை, நடுவில் ஒரு பெரிய ஓட்டை. பின்னணியை நீக்க, விளிம்பு முழுக்கப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரி கோடு இழுத்து வர வேண்டும். ஓட்டைக்குள்ளும். முதல் ஃபிளாஞ்சுக்கு மூன்று மணி நேரம். நாற்பதாவதற்கு ஒன்பது நிமிஷம். டீ கிளாஸ், வெற்றிலைக் கறை, ஒரு முறை ஒரு பூனை - எல்லாவற்றையும் எடுத்தேன்.

பிப்ரவரி கடைசியில் போன் வந்தது. ஒரு ரோலிங் மில். இரும்பைச் செக்கச் செவேலென்று காய்ச்சி உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கம்பியாக இழுக்கிற இடம். மேனேஜர் பேசினார்.

"சார், மார்ச் 4 சேஃப்டி டே. கேட்ல ஒரு போர்டு வைக்கணும். தொழிலாளிங்க க்ரூப் போட்டோ அனுப்பறேன். எல்லார் தலையிலயும் ஹெல்மெட் போட்டுடணும்."

"ஹெல்மெட் இல்லையா சார்?"

"ஆர்டர் போட்டிருக்கு சார். வரப்போற ஹெல்மெட்டைத்தானே நீங்க முன்கூட்டியே போடறீங்க?"

எனக்கு அது சரியாகவே பட்டது. மெர்க்கன்டைல் சிஸ்டம் என்று படித்திருக்கிறோம். வர வேண்டியதை வந்ததாகவே எழுதலாம். பன்னிரண்டு பேர், தலைக்கு ஐம்பது ரூபாய், ஆக அறுநூறு. ஒப்புக்கொண்டேன். மாதிரிக்கு ஹெல்மெட் படம் கேட்டபோது ஒன்றே ஒன்று வந்தது. மஞ்சள் நிறம். ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்குவதாம், விசிட்டர் வந்தால் போட்டுக்கொள்ள.

நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். ஷெட்டில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது. ஹெல்மெட்டில் பளபளப்போ வலப்பக்கம். அதைத் திருப்பினேன். ஹெல்மெட் போட்டால் நெற்றியில் நிழல் விழ வேண்டுமே! பன்னிரண்டு நெற்றிக்கும் தனித்தனி அடுக்கில் நிழல் வரைந்தேன். பின்வரிசையில் வயதான ஒருவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். அதன் மேல் வைத்தால், கூடைமேல் கோழி உட்கார்ந்த மாதிரி இருந்தது. துண்டை அழித்தேன். அதற்குக் கீழே இருந்திருக்கக்கூடிய காதுகளை வேறொருவரிடமிருந்து கடன் வாங்கி ஒட்டினேன்.

அண்ணன் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி. ஆனா பன்னெண்டு பேர் ஹெல்மெட்லயும் ஒரே இடத்துல ஒரே கீறல் இருக்கே. ஒரே கல்லு பன்னெண்டு பேர் தலையிலயும் விழுந்துச்சா?" என்றார். பதினொரு கீறலை அழித்தேன்.

இந்த வேலைக்கு காமர்ஸில் ஒரு பெயர் உண்டு, விண்டோ டிரஸ்ஸிங். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி எனக்கு இருந்தது வெட்கம் இல்லை, பெருமை. நிழல் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது.

அறுநூறு ரூபாய் வரவில்லை. ஏப்ரலில் நேரில் போனேன். கேட்டிலேயே பெரிய ஃபிளெக்ஸ். 'பாதுகாப்பே நம் முதல் கடமை'. என் பன்னிரண்டு பேரும் மஞ்சள் ஹெல்மெட்டுடன் சிரித்தார்கள். அதற்கு நேர் கீழே, தலையில் துண்டோடு ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். காதைப் பார்த்தேன். நான் ஒட்டிய காது இல்லை. ஆனால் அவரேதான்.

"நல்லா வந்திருக்கு இல்லீங்களா?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"நீங்கதான் போட்டீங்களா சார்?" என்று சிரித்தார். "மூணு வருசமா உள்ள இருக்கேன். இந்தத் தொப்பிய எங்க வெச்சிருக்காங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

நானும் சிரித்தேன். அவர் பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எம் பொண்ணு செல்லுல இந்தப் படத்தை அனுப்பிச்சேன் சார். வீட்டுல பார்த்துட்டு, 'இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு'ன்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

உள்ளே சங்கு ஊதியது. போய்விட்டார்.

அறுநூறு ரூபாயை அன்று கொடுத்தார்கள். மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டேன். திரும்பும் ரயிலில் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொன்றாகப் போனதே தவிர, அந்த 'நிம்மதி' போகவில்லை. ஸ்டாலின் பக்கத்தில் நின்ற யெஷோவ் என்கிற போலீஸ் மந்திரியை, 1940ல் சுட்டுக் கொன்ற பிறகு, படத்திலிருந்தும் அழித்துவிட்டு அங்கே கால்வாய்த் தண்ணீரை வரைந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் இருந்த ஆளை எடுத்தார்கள். நான் இல்லாத ஹெல்மெட்டை வைத்தேன். மூலக்கொத்தளம் வருகிற வரைக்கும் இரண்டில் எது மோசம் என்று கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டால் வகுபடவில்லை.

2025 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தது. விலக நினைத்தேன், மறந்தேன். தகவல் வந்தது, பணம் போயிற்று. பிப்ரவரி கடைசியில் மேனேஜரும் வந்தார், போனில்.

"சார், சேஃப்டி டே. புது க்ரூப் போட்டோ. இந்த வருஷம் பதினாறு பேர்."

"ரேட் மாறிடுச்சு சார். தலைக்கு முந்நூத்தம்பது."

அந்தப் பக்கம் இரும்பு உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாரிமுனையில ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட நிஜ ஹெல்மெட்டே நூத்தி எண்பது ரூபாய்க்குக் கிடைக்குமே சார்!" என்றார், நிஜமான அதிர்ச்சியுடன்.

"கிடைக்கும் சார். பில்லோட வாங்கினா இன்புட் டாக்ஸ் கிரெடிட்டும் கிடைக்கும். எங்கிட்ட அது கிடைக்காது. நான் ஜி.எஸ்.டி. பதிவு பண்ணலை." பொய் இல்லை. சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். எனக்கும் 20 லட்சத்துக்கும் நடுவில் உள்ள தூரம், திருவள்ளூரிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போகிற தூரம்.

பதினாறு பெருக்கல் முந்நூற்றைம்பது, ஐயாயிரத்து அறுநூறு. பதினாறு பெருக்கல் நூற்றெண்பது, இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. அவரும் காமர்ஸ்தான் போலிருக்கிறது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 3ஆம் தேதி சாயங்காலம் வாட்ஸப்பில் படம் வந்தது. பதினாறு பேர், பதினாறு மஞ்சள் ஹெல்மெட். எதுவும் இன்னொன்றைப் போல உட்காரவில்லை. ஒருவருக்குப் புருவம் வரை இறங்கியிருந்தது. ஒருவர் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே மாட்டியிருந்தார். நெற்றி நிழல்கள் நான் வரைந்ததைப் போல அழகாக இல்லை, கோணல்மாணலாகக் கிடந்தன. பின்வரிசைப் பெரியவர் துண்டை அவிழ்க்காமல் அதன் மேலேயே போட்டிருந்தார். கூடைமேல் கோழிதான்.

கீழே மேனேஜரின் செய்தி: "எல்லாம் ஒரிஜினல் சார். பெரியவர் ஹெல்மெட்ல மட்டும் ரேட் ஸ்டிக்கர் தெரியுது. அதை எடுத்துடுங்க. எவ்வளவு?"

பெரிதாக்கிப் பார்த்தேன். எம்.ஆர்.பி. ரூ.240. காப்பி போட்டு, புது அடுக்கு திறந்து, பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, படத்தை வந்தபடியே திருப்பி அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஸ்டிக்கர் அப்படியே இருக்கே சார், இன்னொரு தடவை பாருங்க."