பாய்ச்சலின் விலை

கண்டி நகரை அடுத்த மஹய்யாவையில், ஒரு சிறு வீட்டின் விறாந்தையிலே, மாலை தோறும் முதியவர் ஒருவரும் அவர்தம் பேரனும் சுண்ணக்கட்டியாற் கட்டம் கீறி ஆடு புலி ஆட்டம் ஆடுவது வழக்கம். பேரன் பேராதனையிற் பயில்பவன்; விடுமுறைக்கு வந்திருந்தான். புளியங்கொட்டைகள் ஆடுகள்; சோடாப் போத்தல் மூடிகள் மூன்றும் புலிகள். புலி எப்போதும் பேரனுக்கே. தோல்வியும் பெரும்பாலும் அவனுக்கே.

பெயரளவில் இது மேய்ச்சல் நிலத்து விளையாட்டு, இயல்பிலோ போர். இருபடையும் ஒத்த சதுரங்கம் போன்றதன்று. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். யாவும் இறங்கிய பின்னரே அவை நகரலாம். வெட்டும் உரிமை புலிக்கு மட்டுமே உண்டு. அடுத்த புள்ளியிலுள்ள ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அப்பாலுள்ள வெறும் புள்ளியில் அது பாய்ந்தால் ஆடு மாண்டது. ஆடுகள் செய்யக்கூடியது புலிகளை அசையவிடாது அடைப்பதொன்றே.

தோற்றுச் சலித்த பேரன் புதுவிதியொன்று கொணர்ந்தான். ஆட்டை வெட்டிய புலி, வாய்ப்பிருப்பின் அதே முறையில் மீண்டும் பாயலாம் என்பது அது. பாட்டனார் மறுக்கவில்லை. அன்று மூன்று ஆட்டங்களிலும் பேரனே வென்றான். மறுநாள் முதியவர், ஆடுகளை 18 ஆக்கினால் என்ன என்று கேட்டார். ஆக்கினார்கள். 23 புள்ளிகளில் 21 நிரம்பிவிட, புலிகளுக்கு மூச்சு முட்டியது. அதற்கொரு விலக்கு, விலக்குக்கொரு விலக்கு. ஆடிய நேரத்திலும் வாதிட்ட நேரம் மிகுந்தது. அடுத்த இரு மாலைகளிலும், "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று முதியவர் உள்ளே போய்விட்டார். புளியங்கொட்டைப் பேணி அலுமாரியின் மேலேயே இருந்தது.

தனியே கட்டத்தின் முன் அமர்ந்து பழைய ஆட்டங்களை நினைவிலிருந்து ஆடிப் பார்த்தபோதுதான் பேரனுக்கு உண்மை புலனாயிற்று. பாட்டனார் இழந்த ஆடுகளிற் பாதி, இழந்தவை அல்ல, கொடுத்தவை. ஓரத்திலே ஓர் ஆட்டைத் தனியே விடுவார். புலி பாய்ந்து அதைக் கொள்ளும். பாய்ந்து சேர்ந்த இடமோ மூலை. பின்வழியை அடுத்த ஆடு அடைத்துவிடும். பாய்ச்சலுக்கு விலை, பாய்ந்து விழும் இடம். இரட்டைப் பாய்ச்சல் அந்த விலையைத் தள்ளுபடி செய்துவிட்டது. குழியில் விழுந்த புலி அதே மூச்சில் வெளியேறுமாயின், குழி தோண்டுபவனுக்கு ஆட்டத்தில் என்ன வேலை?

அவன் நாள்தோறும் விரிவுரைக்குச் செல்கையில் மகாவலிக்கு அப்பால் தெரியும் கன்னொறுவை இதனை முன்னரே சொல்லியிருக்கிறது. 1638 மார்ச்சில் போர்த்துக்கேயப் படை கண்டியுட் புகுந்தது. நகர் வெறுமையாயிருந்தது. தீயிட்டுத் திரும்பியது. திரும்பும் வழியில், கன்னொறுவையிலே, இரண்டாம் இராசசிங்கனின் படை அதனைச் சூழ்ந்து அழித்தது. வெறும் புள்ளி கண்டு பாய்ந்த புலி!

நேபாளத்துப் பாக் சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். எல்லாம் இறங்கி ஒன்றும் வெட்டுப்படாதிருப்பின் எஞ்சுவது ஒரே வெற்றிடம். ஆயினும் இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில் முடியுமென்று இந்நூற்றாண்டில் கணினிவழி காட்டியுள்ளனர். எத்தனை கைகளின் திருத்தத்தால் அவ்வெண்கள் அங்ஙனம் அமைந்தனவோ! ஒரு விடுமுறையில் அமையக்கூடியன அல்ல.

மூன்றாம் மாலை பேரனே பேணியை இறக்கினான். 15 கொட்டைகளை எண்ணித் தன் பக்கம் வைத்து, மூடிகளைப் பாட்டனாரிடம் நீட்டினான். முதியவர் அவனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு அமர்ந்தார். ஆட்டம் நன்றாகவே நடந்தது. இரண்டு புலிகள் அடைபட்டன. மூன்றாவதை மூலைக்கு இழுக்க ஓர் ஆட்டைக் கொடுக்கவேண்டிய கட்டம் வந்தது. அவனுக்குக் கை வரவில்லை, ஆட்டைப் பின்னிழுத்தான். நான்கு நகர்வுகளில் மதில் உடைந்தது.

"அதை விட்டிருக்கணும்" என்றார் பாட்டனார், கொட்டைகளை மீண்டும் அவன் பக்கம் தள்ளியபடி.