சொல்லிசை பழகுவோம்

நுழையும்முன்

நாள்தோறும் கேட்கும் ராப் பாடலை நாமும் எளிதாகப் பாடிவிடலாம் என்று தோன்றும். பாடத் தொடங்கினால் மூச்சு முந்தும்; சொல் பிந்தும். விரைவுக்கு நடுவே சொல்லின் தெளிவைக் காப்பது எவ்வாறு? நம் இலக்கணம் அதற்கு எவ்வாறு துணைநிற்கிறது? ஓர் ஆசிரியரின் பட்டறிவு வழியே அறிவோம்.

தெருவில் பிறந்த கலை

தாளத்தின்மீது சொற்களை விரைந்து அடுக்கும் கலையே ராப். தமிழில் அதனைச் 'சொல்லிசை' என்கிறோம். பெயரில்கூடச் சொல் முன்னும் இசை பின்னுமாக நிற்பதைக் காணுங்கள்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்தே ஹிப்ஹாப் பண்பாட்டின் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. அங்கு இசைத்தட்டுகளை இயக்கிய கூல் ஹெர்க், பாடலில் தாளம் தனித்தொலிக்கும் பகுதியை இரண்டு தட்டுகளைக் கொண்டு நீட்டித்தார். வறுமை சூழ்ந்த தெருக்களின் இளைஞர்கள் தம் கதையைத் தம் குரலில் சொல்ல இக்கலை வாயிலாயிற்று. தமிழில், 1994இல் வெளியான 'காதலன்' திரைப்படத்தின் 'பேட்டை ராப்' பாடலும், 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பும் இக்கலையைப் பரவலாக்கின.

பாட்டியின் செவி

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவிற்கெனப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் சொல்லிசைப் பாடலொன்றை எழுதி வந்தார். தூர்ந்துபோன தம் ஊர் ஏரியைப் பற்றியது அப்பாடல். ஏரி நிறைந்திருந்த காலத்தை அவருடைய பாட்டி சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியிருந்தார். "பாட்டியும் விழாவுக்கு வருகிறார்கள் ஐயா. அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும்" என்றார். அந்த விருப்பமே எங்கள் ஒரு திங்கள் பயிற்சிக்கு அளவுகோலாயிற்று.

முதலில் தாளத்தைக் கணக்கிட்டோம். நிமிடத்திற்கு 90 அடிப்புகள். நான்கு அடிப்புகளுக்கு ஒரு வரி. எனவே, பதினாறு வரிகளை ஏறத்தாழ 43 நொடிகளில் சொல்லி முடிக்க வேண்டும். உடனே அவ்விரைவில் பாடவில்லை. நிமிடத்திற்கு 60 அடிப்புகள் என்று தாளத்தைத் தளர்த்தி, கைதட்டியபடி பேசிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' என நான்கு சிற்றளவுகள். எந்தச் சொல் எந்தச் சிற்றளவில் விழுகிறது என்பது நாவுக்குப் பழகிய பின்னரே விரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம்.

அடுத்தது மூச்சு. எட்டாம் வரியில் அவருக்கு மூச்சு வாங்கியது. தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைச் சிறு கோடுகளால் குறித்தோம். அவ்வரியில் பொருளுக்கு உதவாத இரண்டு அடைமொழிகள் இருந்தன. அவற்றை நீக்கியதும் மூச்சுக்கும் இடம் கிடைத்தது. வரியும் கூர்மை பெற்றது.

எரியும் ஏரியும்

விரைவு கூடியபோது புதிய இடர் ஒன்று எழுந்தது. 'ஏரி' என்னும் சொல் 'எரி' என்று ஒலித்தது! நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கண் இமைக்கும், கை நொடிக்கும் பொழுதைக் கொண்டு தொல்காப்பியம் வகுத்த அளவு அது. அந்த ஒரு மாத்திரை குறைந்தால் நீர்நிலை தீயாகிவிடுகிறது. வலி, வளி, வழி ஆகிய மூன்றும் விரைவில் ஒன்றாகிவிடுவதும் இவ்வாறே. எனவே, 'ஏரி' போன்ற சொற்கள் வரும் இடங்களில் நெடிலுக்கு இரண்டு சிற்றளவுகளை ஒதுக்கினோம். தாளம் கெடவில்லை, சொல்லும் பிழைத்தது.

ஒலிவாங்கியின் தலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடித்தால் ஒலி மங்கும் என்பதால், அதன் தண்டைப் பிடித்துப் பாடப் பழகினார். எதிர்ச்சுவரில் ஓரிடத்தைக் குறித்து, அங்கே பாட்டி அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டார்.

விழா முடிந்ததும் பாட்டி பேரனை அழைத்தார். கன்னத்தை வருடிவிட்டு, "மதகு தெற்கே இருந்தது என்று பாடினாயே, அது கிழக்கே அல்லவா இருந்தது!" என்றார். மாணவர் மகிழ்ச்சியுடன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமெனில் எல்லாச் சொற்களையும் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

சொல்லே தலைமை

ஆங்கில ராப் பாடல்கள் பெரிதும் வரியின் இறுதி ஒலி ஒன்றுவதை நாடுகின்றன. நாம் அதனை இயைபு என்போம். தமிழுக்கோ மோனை, எதுகை என்னும் தொடக்க அழகுகளும் உண்டு. அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே திருப்புகழில் சந்தத்தின்மீது சொற்களை விரைந்தோடச் செய்தார். விரைவும் தெளிவும் ஒருங்கே அமைவது நம் மொழிக்குப் புதிதன்று.

மாணவர்களே! விரைந்து பேசுவோர் பலர் உண்டு. விரைவிலும் தம் சொல்லைப் பிறர் செவியில் முழுமையாகச் சேர்ப்போர் சிலரே. யாருக்காகப் பாடுகிறோம் என்பதை நெஞ்சில் நிறுத்தினால், எவ்வளவு விரைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த அன்பே கற்றுத்தரும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றைப் பற்றி எட்டு வரிகளில் சொல்லிசைப் பாடல் இயற்றுக. குறில், நெடில் வேறுபாடு தெளிவாக ஒலிக்கும்படி வகுப்பில் பாடிக் காட்டுக.