ஒரு போத்தல் எண்ணெய்

எங்கள் லயத்தில் முதன்முதலாக யமஹா ஆர்.எக்ஸ்.இசட் வாங்கியவர் என் அண்ணன்தான். 1985-இல் மலேசியாவில் விற்பனைக்கு வந்த வண்டி அது. செம்பனை ஆலையில் வேலை பார்த்த அண்ணன், மூன்றாண்டு கழித்துத் தவணையில் வாங்கினார். அதன் சத்தம் கேட்டாலே தோட்டத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

அண்ணன் ஆலை லாரியில் வேலைக்குப் போனதும் வண்டி என் கைக்கு வந்துவிடும். பெட்ரோல் மட்டும் ஊற்றுவேன். வேறெதையும் பார்க்க மாட்டேன்.

ஒரு நாள் காலை அப்பாவுக்கு மூச்சுத் திணறல். பின்னால் உட்காரவைத்துப் பட்டணத்து மருந்தகத்துக்கு விரைந்தேன். செம்மண் சாலையில் இன்ஜின் திடீரென்று இறுகியது. பின்சக்கரம் சுழலாமல் நின்றது. இருவரும் விழுந்தோம். அப்பாவின் வலது கை முறிந்தது. பால்மரம் வெட்டும் கை! மூன்று மாதம் வீட்டில் அவர் சம்பளம் இல்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. இன்ஜினைக் கழற்றி, கீறல் விழுந்த பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, இது டூ ஸ்ட்ரோக் வண்டிடா. பெட்ரோலும் காத்தும் இன்ஜினோட அடிவயித்துக்குள்ள போய்த்தான் மேலே ஏறுது. அதனால அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. தனித் தொட்டியில ஊத்தணும். பம்பு கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக் கொடுக்கும். தொட்டி காஞ்சா, பிஸ்டன் சூட்டுல வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கும்."

சிலிண்டரின் குறுக்களவு 56 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மில்லிமீட்டர். கொள்ளளவு 133 சி.சி.தான். ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும்போது, இது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிறது. சின்ன இன்ஜினுக்கு அத்தனை வேகம் வந்தது அதனால்தான். அந்த வேகத்தைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, அண்ணன் வண்டியைச் சரிசெய்தார். அப்பாவின் கை மட்டும் கடைசிவரை முழுதாக நிமிரவில்லை.

2011-இல் அந்த வண்டியின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இளைஞர்கள் பழையதைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். என் மகனும் போன மாதம் ஒன்றை வாங்கி வந்தான். அவன் உதைத்துக் கிளப்பும் முன் நான் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது.

"முதலில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி வா, ஐயா. பிறகு ஓட்டலாம்" என்றேன்.

வண்டி வைத்திருக்கும் தம்பிமாரே, நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். பின்னால் உட்காரப்போவது உங்கள் அப்பாவாக இருக்கலாம்.