பெயின்ட் அடிக்காத பழசுக்குத்தான் மவுசு!

புதுக்கோட்டையில் இருந்து ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போனால் செம்மண்ணும் பலாவும் தென்னையும் பூந்தோட்டங்களும்தான். மழை பெய்து கண்மாய் பெருகி, வயலில் சேற்றுழவு தொடங்கினால் டிராக்டரின் பலம் தெரிந்துவிடும்.

சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும். ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் இந்த வகை குறைவு. அதனால்தான் சேகரிப்பவர்களுக்கு அது புதையல்!

புதுசு இருக்க பழசு எதற்கு? சென்சார் கிடையாது. டீசல் பம்ப் முதல் கியர் வரை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பஞ்சாபில் ஹெச்.எம்.டி. 5911 மாடலுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அதைத் தயாரித்த அரசு நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட, 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. இனி புதிதாக வராது என்பதே மவுசுக்குக் காரணம்.

வாங்கப் போகிறீர்களா? பளபள பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். விரிசலும் ஆயில் கசிவும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். சாயம் போன பானெட், தேய்ந்த கிளட்ச் மிதி எல்லாம் வண்டியின் உழைப்பை உள்ளபடி சொல்லும். முன் அச்சின் கியர், சீல், ஆர்.சி. புக் மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ்தான் பெரிய சிக்கல். ஒரு வண்டி ஓட இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கொட்டகையிலும் ஒன்று துருப்பிடித்து நிற்கிறதா? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன், பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!