மறுபடியும் விறகு!

காஸை எடுத்துவிட்டு விறகுக்குப் போகலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் என்ன சொல்வீர்கள்? லண்டனில் என் அக்கா "சரி" என்று சொல்லிவிட்டாள்!

சமையலறையில் அல்ல, கூடத்தில். குமிழைத் திருகினால் பற்றிக்கொள்ளும் காஸ் கணப்பு அங்கே இருந்தது. "விறகு எரிகிற அழகே தனி" என்று அத்தான் அதைப் பெயர்த்துவிட்டார்.

அழகு சும்மா வருமா? காஸ் இணைப்பைத் துண்டிக்கப் பதிவு பெற்ற ஆள் வந்தார். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய இன்னொருவர். கார்பன் மோனாக்ஸைடு பரவினால் அலற ஒரு கருவி. விறகிலோ ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் கூடாதாம். 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்களைப் புகைமூட்டத்துக்குப் பலி கொடுத்து, 1956-ல் சட்டம் கண்ட ஊர் அல்லவா? கண்ட அடுப்பையும் வைத்துவிட முடியாது.

அம்மாவும் நானும் போயிருந்தபோது நெருப்பு மூட்டினார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அம்மா மட்டும் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"குளிரவில்லையா, அம்மா?"

"கலியாணமாகிப் பதினைந்து வருஷம் ஊதுகுழலும் கையுமாக இருந்தவளடி நான். அப்போது பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. இதை வேடிக்கை வேறு பார்க்கவேண்டுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்தானே நாங்கள்? ஒரு நாளாவது அவள் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டோமா?

அம்மா ஊர் திரும்பும்வரை அந்தக் கணப்பு மறுபடி எரியவில்லை. வெந்நீர்க் குழாய்களின் சூடே வீட்டுக்குப் போதுமாயிருந்தது. விறகு ஓரமாக, அழகாக, அடுக்கியபடியே இருந்தது.