தொட்டிக்குள் ஒரு மேற்குத் தொடர்ச்சி மலை

மாலத்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது, ரயில் கிடையாது. நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே சுமார் 2.4 மீட்டர்தான். ஆனால் அங்கே பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. அதன் புவியியல் தாளில் ஆறும் வரும், பள்ளத்தாக்கும் வரும், சம உயரக் கோடுகள் போட்ட வரைபடமும் வரும். 1960-களின் தொடக்கத்தில் தலைநகர் மாலேயில் ஆங்கில வழிக் கல்வி வந்தது. அப்போதிலிருந்து இந்தப் பாடங்களைச் சொல்லித்தர இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வாத்தியார்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கேரளத்தார் அதிகம். நம் தென்மாவட்டத்துக்காரர்களும் உண்டு.

நான் பார்க்கப் போனவர் குமரி மாவட்டத்துக்காரர். வடக்கே ஹா தாலு என்னும் பவளத்தீவுக் கூட்டத்தில், குல்ஹுதுஃபுஷியில் விமானம் இறங்கிப் படகேற வேண்டிய ஒரு சின்னத் தீவு. “ஒரு நடையிலயே ஊரச் சுத்திரலாம் சார். அதுக்கப்புறம் என்ன செய்யன்னுதான் தெரியாது” என்றார் துறையிலேயே.

வாடகை அறை. கொடியில் பள்ளிக்கூடத்துக்கான வெள்ளைச் சட்டைகள், மூலையில் அரிசி டப்பா. பருப்பும் வெங்காயமும் கடையில் கிடைக்கும். காய்கறி படகு வந்தால்தான். முருங்கை மட்டும் அங்கேயும் வீட்டுக்கு வீடு நிற்கிறது. கீரை கேட்டால் கிளையையே ஒடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தொழுகை நேரத்தில் கடையை அடைத்துவிடுவதால், மிளகாய்த்தூள் தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் ஓட முடியாது. சாமி சிலை கொண்டுவரச் சட்டம் இடம்கொடுக்காது. அதைப் பற்றி அவர் புலம்பவில்லை. காலையில் கிழக்கே பார்த்து நின்றுவிட்டு சோற்றை வடிக்கப் போனார். கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. மகள் பிளஸ் டூ. அவள் படித்து முடித்து ஒன்பதரைக்கு போனை எடுப்பாள். இவருக்கு அப்போது ஒன்பது.

சம்பளத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, வெளிநாடு என்றாலே டாலர் என்று. இவர் கையில் வருவது ருஃபியா. வங்கி விலையில் ஒரு டாலர் 15.42 ருஃபியா, ஆனால் அந்த விலைக்கு வேண்டிய மட்டும் டாலர் கிடைப்பதில்லை. மீதியை வெளியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கித்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் தீவின் வாத்தியார்கள் கூடினால் பேச்சு இதுதான். பாதிப் பேச்சு மலையாளம், பாதி தமிழ், கணக்கு மட்டும் ஆங்கிலம்.

வகுப்புக்குப் போனேன். காலை ஏழு மணிக்கெல்லாம் பள்ளி தொடங்கிவிடுகிறது. முந்தைய பாடவேளையில் உள்ளூர் மொழியான திவேஹியின் வாத்தியார் வலமிருந்து இடமாக எழுதிவிட்டுப் போனதை அழித்துவிட்டு, இவர் இடமிருந்து தொடங்கினார். சம உயரக் கோடு என்றால் என்ன என்று இரண்டே வரிதான் எழுதினார். பிறகு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

வேப்பமரம் மாதிரி நிழல் தரும் ஏதோ ஒரு மரத்தடியில், அகலமான பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஈர மணலைக் குவித்து மலை பிடித்திருந்தார்கள். ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு. பக்கவாட்டில் நிறுத்திய அடிக்கோலைப் பார்த்து, ஒரு பையன் இரண்டு சென்டிமீட்டருக்குத் தண்ணீர் விட்டான். தண்ணீர் மணலைத் தொடும் விளிம்பு நெடுகத் தும்புக் கயிற்றை ஒட்டிவைத்தார்கள். மறுபடி இரண்டு சென்டிமீட்டர், மறுபடி ஒரு கயிறு. உச்சி மட்டும் தலைநீட்டிக்கொண்டிருந்தபோது நிறுத்தி, தண்ணீரைக் கோப்பையால் மொண்டு வெளியே ஊற்றினார்கள். மலை முழுக்கக் கயிற்று வளையங்கள். செங்குத்துப் பக்கம் நெருக்கமாக, சரிவுப் பக்கம் விலகி விலகி.

வாத்தியார் ஒன்றும் விளக்கவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து பார்க்கச் சொன்னார். முதலில் ஏறிய பெண் உடனே கீழே இறங்கி நோட்டில் வரையத் தொடங்கிவிட்டாள். மலையைப் பார்க்காத பிள்ளைகள்தான், ஆனால் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் இவர்களுக்குத் தெரியாததா? கடற்கரை மணலில் தினமும் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

நம் பாடப்புத்தகத்திலும் இதே கோடுகள் இருக்கின்றன. எனக்கு அவற்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பொதிகையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

ஆனைமுடி 2,695 மீட்டர் என்று வாத்தியார் சொன்னபோது ஒரு பையன் மடக்கினான்: “அதில் தண்ணீர் ஏற எத்தனை நாள் ஆகும் சார்?” ஆறு பாடத்தில் இன்னும் மோசமான கேள்விகள் வருமாம். எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் தீர்ந்துபோகாதா என்று கேட்பார்களாம். “நல்ல கேள்விதான சார்? நம்ம பிள்ளைங்க ஒருத்தரும் கேட்டதில்ல.” அதே தாளில் பவளப்பாறையும் ஒரு பாடம். அதற்கு அவர் கரும்பலகைப் பக்கம் போவதே இல்லை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல, பரீட்சைக்கு வேண்டிய சொற்களை மட்டும் சேர்த்துக்கொடுக்கிறார்.

மணல் மலையில் ஒட்டிய கயிறு ஒரு மாணவியின் பாட்டி திரித்தது. குல்ஹுதுஃபுஷிப் பெண்களின் பழைய தொழில் அது. கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, சதுப்பு நிலத்துச் சேற்றில் மாதக்கணக்கில் புதைத்து, எடுத்து, அடித்து, தும்பு பிரித்து, கையாலேயே திரிப்பார்கள். விமான நிலையம் கட்ட 2017-இல் அந்தச் சதுப்பின் ஒரு பகுதியை மண் கொட்டி மூடியபோது, அவர்கள் கதம்பை ஊறவைத்த குழிகளும் போய்விட்டன. நான் வந்து இறங்கிய விமான நிலையம்தான் அது. குமரியில் கதம்பை அடிக்கும் சத்தத்தில் வளர்ந்த வாத்தியாருக்கு இதில் ஒரு தனி வருத்தம். கயிற்றுக்குக் காசு கொடுத்தால் பாட்டி வாங்குவதில்லை என்பது இன்னொரு வருத்தம்.

மாலையில் டியூஷன். இரவில் விடைத்தாள். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்னும் கடிதம் வரவில்லை. உள்ளூர்ப் பட்டதாரிகள் கூடிக்கொண்டே வருகிறார்கள், அதுதான் முறையும்கூட என்று அவரே சொன்னார். இப்போதுள்ள தொட்டியில் கீறல் விழுந்து தண்ணீர் கசிகிறது. இதைவிட அகலமானதாக ஒன்று மாலேயிலிருந்து சரக்குப் படகில் வரச் சொல்லி, முன்பணமும் கட்டிவிட்டார். அடுத்த வருடம் அதில் மலையோடு ஆற்றையும் சேர்த்து விடலாமாம்.